நாலு நிமிட வேலை

ஹம்டன் ஒழுங்கையில், கடலைப் பார்த்தபடி,
என்னை வெளியே விட்டுவிட்டுப்
பூட்டிக்கொண்டு நிற்கிறது என் கார்.

சாவி உள்ளேதான் கிடக்கிறது.
முன் சீற்றில், நான் எறிந்த இடத்தில்,
பெரிய புளியங்கொட்டை ஒன்றைப்போல.
அதன் வயிற்றுக்குள் இருந்த பொத்தான் பற்றரி
எந்த நிமிஷம் கண்ணை மூடியதோ,
எனக்கும் சொல்லவில்லை, காருக்கும் சொல்லவில்லை.
மீன் பையைப் பின்னால் வைத்துக் கதவைச் சாத்தி
முன்னுக்கு வருவதற்குள்
சொந்தக்காரர் எவருமில்லை என்று
அது தானாக முடிவெடுத்துவிட்டது.
டிக்.
பக்கக் கண்ணாடி இரண்டையும்
காது மடிப்பதுபோல மடித்துக்கொண்டது.

இளநீர்க்காரர் சொன்னார், கம்பி விட்டால் வருமாம்.
தொடர்மாடி வாசல் செக்யூரிட்டி
டெனிஸ் பந்தில் துளை போட்டு அமத்தச் சொன்னார்,
போனில் பார்த்தாராம்.
ஆட்டோ லலந்த சப்பாத்துக் கயிற்றைக் கழற்றிச்
சுருக்குப் போட்டே விட்டான்,
பிறகுதான் பார்த்தான்,
இந்தக் காரில் சுருக்கு மாட்டக் குமிழே இல்லை.
கறிவேப்பிலைக் கட்டோடு நின்ற ஓர் அன்ரி:
"கண்ணாடியை உடையுங்கோ பிள்ளை,
மீன் பழுதாப் போகும்."

இத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது
என் காருக்குள் போகும் வழி.

பஞ்சிகாவத்தையிலிருந்து ஸ்கூட்டியில் வந்தான் இம்தாத்.
பிரஷர் பார்க்கும் பட்டிபோல ஒரு காற்றுப் பை.
கதவிடுக்கில் செருகி, பல்பை அமத்தி அமத்தி,
நோயாளியின் முகத்தைப் பார்ப்பதுபோலக்
கண்ணாடியைப் பார்த்தான்.
ஒரு விரல் இடைவெளி.
நீண்ட கம்பி உள்ளே போனது, சீற்றைத் தடவியது,
கைபிடியைத் தேடியது, நழுவியது, மறுபடி தேடியது.
"பயப்புட வாணாம் மிஸ், கீறல் வராது."

கதவு திறந்தது.
கார் கத்தத் தொடங்கியது.

வெள்ளவத்தை முழுக்கக் கேட்கும்படி
என்னைக் கள்ளி என்றது,
இரண்டு விளக்கையும் சிமிட்டிச் சிமிட்டிக்
காட்டிக் கொடுத்தது.
முனையில் நின்ற பொலிஸ்காரர்
அவசரமில்லாமல் நடந்து வந்தார்.
"காகெத வாகனே?"

மகே, என்றேன். என்னுடையது.
முழுப் பொய் இல்லை.
இன்னும் இருபத்தொன்பது தவணை பாக்கி,
அதுவரை புத்தகத்தில் லீசிங் கம்பெனிதான் சொந்தக்காரர்.
அடையாள அட்டையும் கைப்பைக்குள்,
கைப்பையும் காருக்குள்.

அப்பாவின் பழைய சன்னியில் போன காலத்தில்
இதே காலி வீதியில்
டிக்கியைத் திற, பொனெற்றைத் திற,
அந்தப் பையைத் திற, என்பார்கள்.
திறந்தோம்.
அன்று சாவி தொலைந்திருந்தால்
என்ன சொல்லியிருப்போம்,
எந்தப் பாஷையில்?

இவர் அப்போது பிறந்திருக்கவும் மாட்டார்.
மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை.
உள்ளே என்ன இருக்கிறது, சொல்லுங்கள், என்றார்.
சொன்னேன்:
டாஷ்போர்ட்டில் கட்டாத தண்ணீர் பில்,
கதவுப் பொக்கற்றில் உருகிப்போன இஞ்சி மிட்டாய்,
சீற்றுக்கடியில் மகளின் ஒற்றைச் சொக்ஸ்,
மற்றது எங்கே என்று எவருக்கும் தெரியாது.
பின்னால் ஒரு கிலோ பாரை,
வெட்டினது, தலை தனியாக.
அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.
கள்ளருக்கு இவ்வளவு குப்பை தெரியாது என்று
சிங்களத்தில் இம்தாத்திடம் சொல்லிச் சிரித்தார்.

கார் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.
"செத்த சாவிய அந்த ஸ்டார்ட் பொத்தானோட
முட்ட வைங்க மிஸ்."
நெற்றியில் திருநீறு வைப்பதுபோல வைத்தேன்.
சத்தம் நின்றது.
காது இரண்டும் மெல்ல விரிந்தன.
ஏசி என் முகத்தில் ஊதியது,
ஒன்றுமே நடக்காததுபோல.

மூவாயிரத்து ஐந்நூறு.
"நாலு நிமிஷ வேலைதான் மிஸ்,
எந்தக் காரும்."
ஆறுதலாகத்தான் சொன்னான்.

வீட்டு வாசலில் நிறுத்திப் பூட்டினேன்.
கைபிடியை இழுத்துப் பார்த்தேன்.
மீன் பையிலிருந்து ஐஸ் தண்ணீர்
காலில் சொட்டச் சொட்ட
திரும்பி வந்து
இன்னொருமுறை இழுத்தேன்.